நுவரெலியாவின் காலநிலையும் வரலாறும்

ஆனி, ஆடி மாதங்களிலே கல்முனை, சாய்ந்தமருது முதலிய கீழ்கரையூர்களிற் கச்சான் வீசும். மணலைக் கொதிக்கச் செய்து, சிறுபோக வயலின் ஈரத்தை உறிஞ்சும் அக்காற்று, தொடக்கத்திலேயே வறண்டதன்று. மேல்கடலினின்று நீராவி சுமந்து வரும் தென்மேற் பருவக்காற்றே மத்திய மலைநாட்டில் மழையைப் பொழிந்து, பின் கீழ்ச்சரிவில் இறங்குகையில் அமுக்கம் மிகுதலால் வெம்மையுற்றுக் கச்சானாகின்றது. அதே காற்று குளிரும் மூடுபனியுமாய்த் தங்கிச் செல்லும் மலைநகர் நுவரெலியாவாகும்.

கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இந்நகர் அமைந்துள்ளது. இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலை (8,281 அடி) இதற்கு அரணாக நிற்கின்றது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். தென்மேற் பருவத்தில் முகிலும் தூறலும் நாட்கணக்கில் நீடிக்கும். தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் நிலம் விரைவில் வெப்பத்தை இழக்கும். குளிர்ந்த காற்றுக் கனமுடையதாதலின் சரிவுகளினின்று இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியிலே தேங்கும். அதனாற் புற்றரையில் உறைபனி படிந்து, சிலவேளை தேயிலைக் கொழுந்தையும் கருக்கிவிடும்.

நகரின் வரலாற்றைத் தொடக்கியதும் இக்குளிரேயாகும். 1819ஆம் ஆண்டில் இராணுவ வைத்தியர் ஜோன் டேவி இவ்விடத்தின் நலத்தை எடுத்துரைத்தார். சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த ஆங்கிலப் படைவீரர் உடல் தேறுவதற்குரிய இடமாகத் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் 1820களின் இறுதியில் இதனை ஆக்கினார். 1848இல் குடியேறிய சாமுவேல் பேக்கர் ஐரோப்பியப் பயிர்களையும் கால்நடைகளையும் இங்கு வளர்க்க முயன்றார். உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா என்பன இன்றும் இம்மலைச்சரிவுகளில் விளைந்து நாடெங்கும் செல்கின்றன.

1861இல் அண்மையிலுள்ள ஹக்கலையிற் சிங்கோனாச் செய்கைக்கென ஒரு தோட்டம் அமைக்கப்பட்டது. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரைப் படிப்படியாக அழிக்கவே, தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. குளிரில் மெல்ல வளரும் கொழுந்து தனி மணமுடையதாதலால், நுவரெலியாத் தேயிலை உலகச் சந்தையிற் பெயர் பெற்றது. 1873இல் தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில் ஏரி உருவாயிற்று. 1885இற் புகையிரதம் நானுஓயாவை எட்டியது.

இவ்வளர்ச்சிக்கு உழைத்தோர் தென்னிந்தியாவினின்று வந்த தமிழ்த் தொழிலாளர். மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மலைநாடு நோக்கி நடந்தோருட் பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். வெப்பநாட்டில் வளர்ந்த அவர்களுக்கு இக்குளிர் ஓய்வுக்குரியதாகவன்றி, லயன் அறைகளிற் பொறுத்துக்கொள்ளவேண்டிய துன்பமாகவே வாய்த்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தின் பின் பல இலட்சம் பேர் இந்தியா சென்றனர். எஞ்சிய நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. எனினும் பழைய லயன் அறைகளிற் பல குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

சித்திரையில் நகருக்குச் செல்வோர் பூக்காட்சியையும் குதிரைப் பந்தயத்தையும் கண்டு மகிழ்ந்து மீள்வர். ஒரு காற்று மலையிற் குளிராகவும் கீழ்கரையில் வெம்மையாகவும் உணரப்படுதல் போல, அம்மலையிலுங்கூட ஒரே குளிர் சிலர்க்கு மருந்தாகவும் பலர்க்கு வருத்தமாகவும் இருந்தது. ஓரிடத்தின் காலநிலையைக் கற்போர், அங்கு எவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் உடன் கற்றாலன்றி அக்கல்வி நிறைவுறாது.