‘செக்’: பாரசீக அரசனின் பெயரில் வந்த ஆங்கிலச் சொல்

வங்கியில் மாற்றும் செக், வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் செக் போஸ்ட், மருத்துவமனையில் செய்துகொள்ளும் செக்கப், துணிக்கடையில் எடுக்கும் செக் சட்டை, சதுரங்கப் பலகையில் எதிரியின் ராஜாவுக்கு வைக்கும் செக் என ஒரே ஒலி தமிழரின் அன்றாடப் பேச்சில் பல வேலைகளைச் செய்கிறது. பொருளால் ஒன்றோடொன்று ஒட்டாதவை போலத் தோன்றும் இவை அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதும், அந்த வேர் ஆங்கில மண்ணில் அல்லாமல் பாரசீகத்தில் இருக்கிறது என்பதும், சொற்கள் தோன்றி உருமாறிய வரலாற்றை ஆராயும் சொற்பிறப்பியல் என்னும் துறை தெளிவாக நிறுவியுள்ள செய்திகளாகும்.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளையும் பலகையில் நிறுத்தி ஆடிய இந்தியச் சதுரங்கம் கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் பாரசீகத்துக்குச் சென்று ‘சத்ரங்’ ஆனது. பாரசீகத்தை வென்ற அரபியர் அதைக் கற்றுத் தம் நாவுக்கு ஏற்ப ‘ஷத்ரஞ்ச்’ என்று வழங்கினர். ஆட்டத்தின் தலைமைக் காய்க்குப் பாரசீகர் இட்ட பெயர் ‘ஷா’, அதாவது அரசன். அக்காய் தாக்குதலுக்கு உள்ளாகும்போது ‘ஷா’ என்று சொல்லி எதிராளியை எச்சரிப்பது வழக்கம். அரபியர் வழியாக ஆட்டம் ஐரோப்பாவை அடைந்தபோது அந்த எச்சரிக்கைச் சொல்லும் உடன் சென்று, இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ என்றும் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் திரிந்து, 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் ‘செக்’ ஆக நிலைபெற்றது. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவம்தான் ஆட்டத்தின் பெயரான ‘செஸ்’. ஆக, செஸ் என்றாலும் செக் என்றாலும் அடிப்படையில் அரசனே குறிக்கப்படுகிறான். ஸ்பானிய மொழியோ இதிலிருந்து விலகி, அரபுச் சொல்லை ‘அஹெத்ரெஸ்’ எனத் திரித்து, சதுரங்கம் என்ற இந்தியப் பெயரையே இன்றளவும் காத்து வருகிறது.

‘ஷா’ என்ற சொல்லுக்கும் நெடிய உறவுகள் உண்டு. ஆளுதல், வலிமை பெற்றிருத்தல் என்னும் பொருள்கொண்ட தொன்மையான வேரிலிருந்து பழம்பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் சொல் பிறந்ததுபோலவே, சமஸ்கிருதத்தில் ஆட்சியைக் குறிக்கும் ‘க்ஷத்ர’ என்பதும் பிறந்தது. தமிழில் சத்திரியர் என வழங்குவது அதன் வழிவந்ததே. ஆட்டத்தை முடிக்கும் ‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’ என்னும் தொடர். இதற்கு ‘அரசன் இறந்தான்’ என்று அரபு வழியில் பொருள் சொல்வது பரவலாக இருந்தாலும், பாரசீகத்தில் ‘மாத்’ என்பது செயலற்றுத் திகைத்து நிற்பதைக் குறிக்கிறது என்ற விளக்கமே பொருத்தமானது. ஏனெனில் சதுரங்கத்தில் அரசன் ஒருபோதும் வெட்டப்படுவதில்லை, போக்கிடமின்றிச் சிக்கிக்கொள்கிறான், அவ்வளவே.

அரசனுக்குச் செக் வைக்கப்பட்டுவிட்டால், ஆடுபவர் வேறு எந்தத் திட்டத்தையும் தொடர முடியாது; முதலில் அரசனைக் காப்பாற்றியாக வேண்டும். திடீரெனத் தடுத்து நிறுத்துதல் என்ற பொருள் இந்த நிலையிலிருந்துதான் விரிந்தது. தடுத்தல் கட்டுப்படுத்தலாகவும், கட்டுப்படுத்தல் கண்காணித்தலாகவும் வளர்ந்து, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கணக்கை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் என்னும் இன்றைய பொருளை எட்டியது. அரசின் ஒரு பிரிவை மற்றொரு பிரிவு கட்டுக்குள் வைத்திருக்கும் முறையை ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்று அரசியல் அறிஞர்கள் வழங்குவதில் பழைய பொருளான தடையே இருக்கிறது; செக்கப் என்பதில் புதிய பொருளான சோதனை இருக்கிறது; செக் போஸ்ட்டிலோ தடையும் சோதனையும் ஒருங்கே நிற்கின்றன.

இச்சொல்லின் வரலாற்றில் மிகவும் சுவையான பகுதி இங்கிலாந்து அரசின் கணக்கு மேசையில் நிகழ்ந்தது. முதலாம் ஹென்றி காலம் தொடங்கி, ஒவ்வொரு மாவட்டத்தின் ஷெரீப்பும், அதாவது அரசருக்காக வரி தண்டிய அதிகாரியும், ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரை ஒட்டியும் செப்டம்பர் இறுதியிலும், அரசவைக்கு வந்து கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருந்தது. 1170களின் பிற்பகுதியில் அரசின் பொருளாளர் ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் எழுதத் தொடங்கிய நூல் அந்த மேசையை விரிவாக வருணிக்கிறது. ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட அதன் விளிம்பு, மேலே வைப்பவை விழாதபடி நான்கு விரல் அளவுக்கு உயர்ந்திருந்தது. மேலே விரித்த கறுப்புத் துணியில் கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. கோடுகளுக்கு இடைப்பட்ட பத்திகள் பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என வலமிருந்து இடமாக ஏறிச் செல்ல, கணக்கர் அவற்றில் வட்டுகளை அடுக்கி, செலுத்த வேண்டிய தொகையையும் செலுத்திய தொகையையும் எல்லாரும் காணக் கழித்துக் காட்டினார். சுழியம் இல்லாத ரோமானிய எண்களால் பெருந்தொகைகளைக் கூட்டிக் கழிப்பது கடினம் என்பதையும், எழுத்தறிந்தோர் சிலரே என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்தத் துணி எத்தனை நுட்பமான கருவி என்பது விளங்கும்.

சதுரங்கப் பலகையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே அந்த மேசைக்கும் அவைக்கும் ‘எக்ஸ்செக்கர்’ என்ற பெயர் வந்தது. மேசையின் தோற்றம் மட்டுமன்றி, எதிரெதிரே அமர்ந்து பொருளாளரும் ஷெரீப்பும் நிகழ்த்திய வாதமும் ஆட்டக்காரர்களின் போரை ஒத்திருந்தது என்று ஃபிட்ஸ்நீல் காரணம் கூறுகிறார். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் ‘எக்ஸ்செக்கரின் சான்சலர்’ என்றே அழைக்கப்படுகிறார்.

வங்கிச் செக்கின் கதை இதனோடு பின்னிக் கிடக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பணம் வழங்கக் கோரும் சீட்டுகளில் மோசடியைத் தடுப்பதற்காக, சீட்டின் ஒரு பகுதி வெட்டித் தனியே வைத்துக்கொள்ளப்பட்டது. பின்னர் ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவிய அந்த அடிக்கட்டைக்குத்தான் முதலில் ‘செக்’ என்று பெயர். நாளடைவில் பெயர் அடிக்கட்டையை விட்டுச் சீட்டுக்கே போய்விட்டது. எக்ஸ்செக்கர் என்ற சொல்லின் தாக்கத்தால் பிரிட்டனில் அதன் எழுத்துக்கூட்டல் மாறியது. இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமும் அந்த வடிவத்தையே பின்பற்றுகிறது. அமெரிக்கர் பழைய எழுத்துகளையே வைத்துக்கொண்டதோடு, உணவகத்தின் பில்லையும், ஒப்படைத்த பொருளை மீட்பதற்கான வில்லையையும், சரி என்று போடும் குறியையும்கூட அதே சொல்லால் குறிக்கின்றனர்.

சதுரங்கப் பலகையின் தோற்றத்திலிருந்து கிளைத்த பொருள்தான் கட்டம் போட்ட துணி; இங்கே தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் நெய்து சென்னைத் துறைமுகம் வழியே போன கட்டம் போட்ட பருத்தித் துணியை உலகம் ‘மெட்ராஸ் செக்ஸ்’ என்று அறிந்தது. துவைக்கும்தோறும் சாயம் மங்குவதையே சிறப்பாகக் கருதி 1960களில் அமெரிக்கர் அதை விரும்பி அணிந்தனர். நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்களோ அதை ‘இஞ்சிரி’ என்று போற்றி, அவர்களின் பெண்கள் நெய்த துணியிலிருந்து குறிப்பிட்ட இழைகளைக் கத்தியால் அறுத்து உருவி, கட்டங்களுக்குள் புதிய கோலங்களைப் படைக்கின்றனர். நெய்தவரின் கலையின் மேல் உடுத்துபவரின் கலையும் சேர்ந்த அத்துணி, அங்கே சடங்குகளில் உயர்ந்த இடம் பெறுகிறது.

தமிழ் நாளேடுகள் ஓர் அரசியல்வாதி மற்றொருவருக்குச் ‘செக் வைத்தார்’ என்று எழுதும்போது, ஆங்கிலத்தில் சரிபார்த்தல் என்ற பொருளுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்ட சதுரங்கப் பொருள் முழு உயிரோடு இருப்பதைக் காணலாம். இரவல் சொல் என்பதற்காக இத்தகைய வழக்குகளை அகராதிகள் ஒதுக்குவது முறையன்று. காசோலை, சோதனைச் சாவடி போன்ற நல்ல தமிழ்ச் சொற்களைப் பதிவுசெய்யும் அகராதியாளர்கள், மக்கள் நாவில் வாழும் ‘செக்’ என்பதற்கும் அதன் பொருள்களையும் வந்த வழியையும் குறித்து ஒரு பதிவு தர வேண்டும்.