டீ.வி. வாங்குமுன் ஹோலை அளந்தீர்களா?

கடைக்கு டீ.வி. வாங்க வருபவர்கள் முதலில் இரண்டு கேள்விகளைத்தான் கேட்பார்கள். எத்தனை அங்குலம்? எவ்வளவு ரூபா? நான் அவர்களிடம் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டு ஹோல் எத்தனை அடி? சிலர் சிரிப்பார்கள். சிலர், "டீ.வி. கேட்டு வந்தால் இவர் வீட்டை அல்லவா விசாரிக்கிறார்" என்பது போலப் பார்ப்பார்கள். இந்தக் கேள்வியை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. நட்டப்பட்டுத்தான் படித்தேன்.

2018 ஜூன் மாதம். நோன்புப் பெருநாளும் உதைபந்தாட்ட உலகக் கிண்ணமும் ஒன்றாக வந்த நேரம். முச்சக்கரவண்டி ஓட்டும் தம்பி ஒருவர் இரண்டு மகன்மாருடன் கடைக்கு வந்தார். 43 அங்குல டீ.வி. ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றவரை நான்தான் பக்கத்தில் இருந்த 55 அங்குலத்திடம் கூட்டிப்போனேன். "மாதத் தவணையில் கொஞ்சம்தானே தம்பி கூடும். புள்ளைகளின் முகத்தைப் பாருங்க" என்றேன். பிள்ளைகளின் முகத்தைக் காட்டி விற்பது எங்கள் தொழிலில் பழைய வித்தை. பாதிக் காசைக் கையில் கட்டி, மீதியைத் தவணைக்குப் போட்டு எடுத்துப்போனார். அன்றிரவு நல்ல வியாபாரம் செய்த திருப்தியுடன் கணக்கை மூடினேன்.

உலகக் கிண்ணம் முடியும் முன்னரே அவர் திரும்பி வந்தார்.

"கோவிக்க வேணாம் ஹாஜியார். டீ.வி.யைத் திருப்பி எடுப்பீங்களா?"

"ஏன் தம்பி, ஏதும் பிழையா?"

"டீ.வி.யில பிழை இல்ல. வீட்டில இடம்தான் இல்ல."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தவணை கட்ட முடியாமல் சாட்டுச் சொல்கிறார் என்றே நினைத்தேன். அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு நேரில் போய்ப் பார்த்தேன்.

ஹோல் 10 அடிக்கு 9 அடி. முன்சுவரில் வாசலும் யன்னலும். பின்சுவரில் குசினிக்குப் போகும் வழி. ஒரு பக்கச் சுவரில் அறைக் கதவு. இடைவெளி இல்லாத முழுச் சுவர் ஒன்றே ஒன்றுதான். அந்தச் சுவரோரம் கிடந்தது அவருடைய உம்மாவின் கட்டில். டீ.வி.க்காக அதைக் குசினி வழிக்குத் தள்ளியிருந்தார்கள். காஸ் அடுப்புக்குப் பக்கத்தில், இரவில் எழும்புகிறவர்கள் எல்லாம் இடறிப் போகும் இடத்தில், எழுபது வயதைத் தாண்டிய அந்த உம்மா படுத்திருந்தார். போதாததற்கு அந்த முழுச் சுவர்தான் கிப்லாப் பக்கம். கதிரையில் இருந்து தொழும் உம்மாவின் முன்னால் இப்போது நான்கு அடி அகலத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி.

"இங்க தூக்கம் வருதா உம்மா?" என்று கேட்டேன்.

"புள்ளைகள் ஆசப்பட்டு எடுத்தது மகன். எனக்கு எங்க படுத்தா என்ன" என்றார்.

அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பெரியதை விற்றவன் நான். இடத்தை இழந்தவர் இவர்.

மூலை போய்ச் சுவர் வந்தது

எங்கள் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1979 இல். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. அப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் டீ.வி. இருந்தால் பெரிய விடயம். 1996 மார்ச் 17 அன்று லாஹூரில் அவுஸ்திரேலியாவை வென்று நாம் உலகக் கிண்ணத்தை எடுத்தபோது, எங்கள் வீட்டின் சிறிய ஹோலில் பாய் விரித்து அயல்வீட்டார் அத்தனை பேரும் இருந்தார்கள். ஒரேயொரு 21 அங்குலப் பெட்டி. யாருக்கும் இடம் போதவில்லை என்று ஞாபகம் இல்லை.

காரணம் என்ன? அந்தப் பெட்டிக்குப் பின்பக்கம் நீண்ட முதுகு இருந்தது. ஆகவே அதை மூலையில்தான் வைத்தோம். வேறு எதற்கும் உதவாத முக்கோண இடத்தை அது எடுத்துக்கொண்டது. இன்றைய தட்டை டீ.வி. ஆழத்தில் சில அங்குலம்தான். ஆனால் அகலத்தில் சுவரையே கேட்கிறது. சின்ன வீட்டில் சுவர் என்பது அலுமாரிக்கும் கட்டிலுக்கும் உரிய இடம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அளவு பார்ப்பது எப்படி?

டீ.வி.யின் அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக எடுக்கும் அளவு. சுவரில் அது பிடிக்கும் அகலம் வேறு. 32 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 28 அங்குலம். 43 என்றால் 37½. 55 என்றால் 48. ஓரச் சட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூரம். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து சுவர் வரை அங்குலத்தில் அளந்து, அதை இரண்டால் வகுத்துப் பாருங்கள். ஏழு அடி என்றால் 84 அங்குலம். பாதி 42. அந்த ஹோலுக்கு 43 தாராளம். மிகத் தெளிவான படமென்றால் இன்னும் கிட்டவிருந்தும் பார்க்கலாம். ஆனால் சாதாரண அலைவரிசைகளைப் பெரிய திரையில் கிட்டவிருந்து பார்த்தால் படம் கலங்கித்தான் தெரியும். கடையின் பெரிய மண்டபத்தில் 55 சின்னதாகத் தெரிவதும், வீட்டுக்குப் போனதும் பூதமாகத் தெரிவதும் எல்லோருக்கும் நடப்பதுதான்.

யன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் திரையில் வெயில்தான் தெரியும். யன்னலுக்குப் பக்கத்திலேயே வைத்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும். யன்னல் பக்கவாட்டில் வரும்படியான சுவரே நல்லது. உயரத்திலும் கவனம் வேண்டும். கதிரையில் இருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. பாயில் இருப்பவருக்கு அதைவிடவும் கீழே. கூரையோரம் மாட்டினால் கழுத்துத்தான் நோகும்.

பிரெக்கட் போடுவதென்றால் கல்லோ கொங்கிரீட்டோ உள்ள சுவரில் சரியான ரோல் பிளக் அடித்துப் போடுங்கள். பலகைத் தடுப்பை நம்ப வேண்டாம். மேசையில் வைப்பவர்கள் பட்டி கொண்டு சுவரோடு கட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் ஏறிப் பிடித்து இழுத்தால் டீ.வி. அவர்கள் மேல்தான் விழும். இடி மின்னல் காலத்தில் பிளக்கையும் அன்டனா வயரையும் கழற்றிவிடுவது எத்தனையோ டீ.வி.களைக் காப்பாற்றும்.

2022 இலும் 2023 இலும் மின்கட்டணம் உயர்ந்தபோது பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். டீ.வி.யின் பின்பக்கத்தில் எத்தனை வோட்ஸ் என்று எழுதியிருக்கும். 100 வோட்ஸ் டீ.வி.யை நாளுக்கு 5 மணித்தியாலம் போட்டால் மாதம் 15 அலகு. சின்ன வீட்டின் பில்லில் அது சின்னக் கணக்கல்ல.

நட்டமும் இலாபமும்

அந்த 55 ஐத் திருப்பி எடுத்தேன். பெட்டி திறந்த டீ.வி. என்பதால் விலை குறைத்துத்தான் விற்க முடிந்தது. அந்தத் தம்பி முதலில் பார்த்துக்கொண்டு நின்ற அதே 43 ஐக் கொடுத்தேன். அறைக் கதவுக்கும் மூலைக்கும் இடையில் மூன்றரை அடிச் சுவர் சும்மா கிடந்தது. யன்னலும் பக்கவாட்டில். அதிலே மாட்டினோம். உம்மாவின் கட்டில் பழைய இடத்துக்கு வந்தது. கட்டிலில் சாய்ந்தபடியே அவருக்கும் படம் தெரிந்தது.

அதன் பிறகு அந்தத் தம்பி தன் வண்டியிலேயே எத்தனையோ பேரை என் கடைக்கு ஏற்றி வந்திருக்கிறார். நட்டம் எப்போதோ அடைபட்டுவிட்டது. ஆனால் இதை இலாபக் கணக்காக நான் எழுதவில்லை. வாங்குபவருக்குத் தன் ஆசையின் அளவு தெரியும். வீட்டின் அளவு கடையில் நிற்கும்போது ஞாபகம் வராது. அதை ஞாபகப்படுத்துவது விற்பவனின் கடமை.

இப்போது என் மேசையில் கல்குலேட்டருக்குப் பக்கத்தில் அளவு நாடா ஒன்றும் இருக்கிறது. அளக்காமல் வருபவர்களுக்கு அதைக் கொடுத்து அனுப்புவேன். சிலர் நாடாவோடு திரும்பி வருவதில்லை. பெரும்பாலானவர்கள் வருகிறார்கள்.