நேர்கோட்டில் செல்லும் செய்தி

உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேபிள் கம்பியும் செயற்கைக்கோள் தட்டும் வருவதற்கு முன்னர், தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவர்கள் முதலில் செய்த வேலை, மொட்டை மாடியில் நீண்ட குழாய் ஒன்றை நட்டு அதன் உச்சியில் ஏரியலைப் பொருத்தியதுதான். ஒருவர் மேலே நின்று அதைத் திருப்புவார். மற்றொருவர் கீழேயிருந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுப்பார். வானொலிப் பெட்டிக்கு இந்தப் பாடு இல்லை. தொலைக்காட்சிக்கு மட்டும் ஏன் இவ்வளவு உயரம் தேவைப்பட்டது?

இக்கேள்விக்கு விடை தெரிந்தால், ஒரு நகரத்தின் செய்தி நிலையம் எப்படி வளர்ந்தது என்பதும் விளங்கிவிடும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கே.டி.எல்.ஏ. என்னும் தொலைக்காட்சி நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காண்போம்.

அலையும் அடிவானமும்

வானொலியின் சிற்றலைகள் மேலே சென்று, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் கடந்தும் வந்து சேரும். தொலைக்காட்சிக்குப் பயன்பட்ட அலைகள் அவ்வாறல்ல. கே.டி.எல்.ஏ. நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டது ஐந்தாம் அலைவரிசை. அதாவது 76 முதல் 82 மெகாஹெர்ட்ஸ் வரை. இதன் அலைநீளம் ஏறத்தாழ 4 மீட்டர். இத்தகைய அலைகள் பெரும்பாலும் அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். தரையிலோ ஏறக்குறைய ஒளியைப் போல் நேர்கோட்டில் செல்லும். பூமி உருண்டை, ஆகவே சிறிது தூரத்திலேயே அலை தரையைவிட்டு மேலே விலகிப் போய்விடுகிறது.

எவ்வளவு தூரம் எட்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள். அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 100 மீட்டர் கோபுரமானால் சுமார் 36 கிலோமீட்டர். காற்று மண்டலம் அலையைச் சற்றே வளைப்பதால், நடைமுறையில் இன்னும் 15 சதவீதம் அளவுக்குக் கூடுதலாக எட்டும். அவ்வளவுதான்.

மலை உச்சியில் அலைபரப்பி

லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே வில்சன் மலை இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 1,740 மீட்டர். வானியல் படித்தவர்களுக்கு இப்பெயர் புதியதன்று. ஹப்பிள் தம் 100 அங்குலத் தொலைநோக்கியால் தொலைவிலுள்ள அண்டங்களை ஆராய்ந்தது இங்கேதான். முற்கூறிய கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அடிவானம் சுமார் 149 கிலோமீட்டர்! நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் இதற்குள் அடங்கிவிடும். எனவேதான் தொலைக்காட்சி நிலையங்கள் இம்மலை உச்சியை நாடின.

இந்நிலையத்தை உருவாக்கியவர் கிளாஸ் லேண்ட்ஸ்பெர்க் என்னும் பொறியியலாளர். ஜெர்மனியில் பிறந்தவர், 1936 இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிகளின் தொலைக்காட்சிப் பணியில் பங்கேற்றவர். பாரமவுண்ட் திரைப்பட நிறுவனத்துக்காக 1942 இல் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கினார். 1947 ஜனவரி 22 அன்று அது கே.டி.எல்.ஏ. என்ற பெயரில் வணிக நிலையமாயிற்று. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அதுவே முதலாவது. அன்று அந்நகரில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் சில நூறுதான்.

தொடக்க கால நிகழ்ச்சிகள் எவை தெரியுமா? மல்யுத்தம், நடன அரங்குகளின் இசை, பொம்மலாட்டம், பழைய குதிரை வீரர் படங்கள், புத்தாண்டு நாளில் நடைபெறும் ரோஜா மலர் ஊர்வலம் ஆகியவை. லேண்ட்ஸ்பெர்க்கின் ஆர்வமெல்லாம் காமிராவை நிலையத்துக்கு வெளியே கொண்டு போவதில்தான் இருந்தது. நகரில் இரவில் நடப்பவற்றை அங்கங்கே சென்று காட்டுவதற்கென்றே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். இந்தப் பழக்கம் விரைவில் ஒரு கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று.

இருபத்தேழரை மணி நேரம்

1949 ஏப்ரல் 8 ஆம் நாள். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே சான் மரினோ என்ற ஊரில், வெற்று நிலமொன்றில் விளையாடிக்கொண்டிருந்த கேத்தி ஃபிஸ்கஸ் என்ற மூன்று வயதுச் சிறுமி, கைவிடப்பட்ட கிணற்றுக் குழாய்க்குள் விழுந்துவிட்டாள். குழாயின் அகலம் சுமார் 14 அங்குலமே. பக்கத்தில் குழி தோண்டி அவளை மீட்க ஆட்கள் இரவு பகலாகப் பாடுபட்டனர்.

கே.டி.எல்.ஏ. தன் காமிராக்களை அங்கே கொண்டுசென்றது. களத்திலிருந்து படத்தை அனுப்பப் பயன்பட்டவை நுண்ணலைகள். இவற்றின் அலைநீளம் சில சென்டிமீட்டர்களே ஆதலால், ஒரு சிறு கிண்ணத் தட்டைக் கொண்டு கைவிளக்கின் ஒளியைப்போல் ஒரே திசையில் குவித்து அனுப்பலாம். எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது ஒன்றே நிபந்தனை. சான் மரினோவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் வில்சன் மலை தெரியும்.

இருபத்தேழரை மணி நேரம் ஒளிபரப்பு இடைவிடாமல் நடந்தது. பெட்டி இல்லாதவர்கள் கடை வாசல்களில் கூடி நின்று பார்த்தனர். முடிவில் சிறுமி இறந்துவிட்ட செய்தியே கிடைத்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி என்றால் என்ன என்பதை அந்நகர மக்கள் அன்றுதான் அறிந்தனர். அதே சமயம், பார்ப்பது வேறு, உதவுவது வேறு என்பதையும் அறிந்தனர். அன்று களத்தில் நின்று விவரித்தவர்களுள் ஒருவரான ஸ்டான் சேம்பர்ஸ் 2010 வரை அதே நிலையத்தில் செய்தியாளராகப் பணியாற்றினார்.

பாலைவனத்திலிருந்து வந்த ஒளி

1952 ஏப்ரல் 22 அன்று நெவாடா பாலைவனத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனையை நேரடியாக ஒளிபரப்ப அனுமதி கிடைத்தது. தூரம் 350 கிலோமீட்டருக்கு மேல். இடையே பூமியின் முதுகு குறுக்கிடுகிறது. இவ்வளவு தூரத்தின் நடுப்பகுதியில் பூமி சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் உயரத்துக்குப் புடைத்து நிற்கும்! ஒரே தாவலில் அலையை அனுப்ப இயலாது. லேண்ட்ஸ்பெர்க் வழியிலிருந்த மலை உச்சிகளில் நுண்ணலைக் கருவிகளை நிறுவினார். சாலையில்லாத உச்சிகளுக்குக் கருவிகளை ஹெலிகாப்டர்கள் தூக்கிச் சென்றன. ஓர் உச்சி வாங்கி அடுத்த உச்சிக்குக் கொடுக்க, படம் லாஸ் ஏஞ்சல்ஸை அடைந்தது.

இதில் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. செய்தியாளர்கள் வெடிப்பிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி நின்றனர். அவர்களை வெடியோசை எட்ட முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் 350 கிலோமீட்டர் தள்ளி வீட்டில் அமர்ந்திருந்தவர் வெடிப்பின் ஒளியைக் காண ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடியே போதுமானதாக இருந்தது!

பறக்கும் காமிரா

மலைக்குக் கருவியை ஏற்றலாம். ஆனால் செய்தி நடக்கும் இடத்தில் மலை இருக்க வேண்டுமே? நிலையத்தின் தலைமைப் பொறியியலாளர் ஜான் சில்வா இதற்கு வழி கண்டார். ஹெலிகாப்டரிலேயே ஒரு நிலையத்தை அமைத்துவிடுவது என்பதே அது.

எண்ணம் எளிது, எடைதான் சிக்கல். வால்வுகளால் இயங்கிய அக்காலத்துக் கருவிகள் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளவை. சிறிய பெல் ஹெலிகாப்டர் அதைத் தாங்காது. கருவிகளை மாற்றி அமைத்து, சுமார் 170 கிலோவுக்குக் குறைத்தார். 1958 ஜூலையில் முதன்முறை பறந்தபோது படம் வரவில்லை. சில்வா வானில் மிதந்துகொண்டிருந்த ஹெலிகாப்டரின் வெளிச்சட்டத்தில் இறங்கி நின்று கருவியைச் சோதித்தார். வெப்பமும் அதிர்வும் வால்வுகளைப் பாதித்திருந்தன. அதைச் சரிசெய்து மறுநாள் பறந்தபோது படம் தெளிவாக வந்தது. "டெலிகாப்டர்" பிறந்தது.

அணை உடைந்த நாள்

1963 டிசம்பர் 14 அன்று அதன் பயன் தெரிந்தது. நகரின் பால்ட்வின் குன்றுகளில் ஒரு குடிநீர்த் தேக்கம் இருந்தது. காலை 11 மணிக்குச் சற்றுப் பின், கசிவு நீரின் ஓசை வழக்கத்துக்கு மாறாக இருப்பதைக் காவலர் கவனித்தார். நேரம் செல்லச் செல்ல அணையில் விரிசல் தென்பட்டது. போலீசார் வீடு வீடாகச் சென்று மக்களை வெளியேற்றினர். வானொலியும் தொலைக்காட்சியும் எச்சரித்தன. பிற்பகல் 3.38 மணிக்கு அணை உடைந்தது. சுமார் 95 கோடி லிட்டர் நீர் தெருக்களில் பாய்ந்தது. மேலே வட்டமிட்ட டெலிகாப்டர் அதை அப்படியே நகருக்குக் காட்டியது.

277 வீடுகள் இடிந்தன அல்லது சேதமடைந்தன. இறந்தவர்கள் ஐவர். வெள்ளத்தின் அளவை எண்ணிப் பார்த்தால் அந்த நான்கு மணி நேர முன்னறிவிப்பின் மதிப்பு புரியும். கிணற்றடியில் காமிராவால் உதவ முடியவில்லை. இங்கோ, அபாயத்தைச் செவிகொடுத்துக் கேட்ட ஒரு காவலர், கதவைத் தட்டிய போலீசார், செய்தியைப் பரப்பிய நிலையங்கள் ஆகிய எல்லாம் சங்கிலியாக இணைந்தன. காமிரா அச்சங்கிலியின் ஒரு கண்ணிதான்.

உயரம் மட்டும் போதுமா?

1991 மார்ச் மாதம் வேறொரு பாடம் கிடைத்தது. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் தடிகளால் அடித்ததை, எதிர்வீட்டில் குடியிருந்த ஒருவர் தம் மாடி முகப்பில் நின்று கைக் காமிராவில் பதிவு செய்தார். அப்பதிவை கே.டி.எல்.ஏ.விடம் கொடுத்தார். அது ஒளிபரப்பாகி, உலகெங்கும் பேசப்பட்டது. அன்று நிலையத்துக்கு வந்த செய்தி மலையிலிருந்தும் வரவில்லை, ஹெலிகாப்டரிலிருந்தும் வரவில்லை. அருகில் இருந்த ஒரு மனிதரிடமிருந்து வந்தது. அதே ஆண்டு ஜூலையில் நிலையம் காலைச் செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கியது. வெகுகாலமாக இரவு பத்து மணிச் செய்திக்குப் பெயர்பெற்ற அந்நிலையம், பின்னர் நாளின் பெரும்பகுதியைச் செய்திக்கே ஒதுக்கியது.

2009 ஜூன் 12 அன்று பழைய ஒத்திசை ஒளிபரப்பு அங்கே நிறுத்தப்பட்டது. எண்முறை அலைகள் மேலும் உயர்ந்த அதிர்வெண்ணுக்கு மாறின. ஆனால் நேர்கோட்டு விதி மாறவில்லை. செயற்கைக்கோள் என்பதும் என்ன? 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்திய ஒரு வில்சன் மலைதான்! உங்கள் கைப்பேசிக்கு அலை தரும் கோபுரமும் இவ்விதிக்குப் பெரிதும் கட்டுப்பட்டதே.

அடுத்த முறை உங்கள் ஊரில் உயரமான கோபுரம் ஒன்றைக் கண்டால், அதன் உயரத்தை மதிப்பிட்டு வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். எத்தனை ஊர்கள் அதன் பார்வைக்குள் வருகின்றன என்பது தெரியும். அவ்வூர்களில் ஓர் ஏரிக்கரை கசியத் தொடங்கினால் அதை முதலில் கவனிப்பவர் யார், அவர் யாரிடம் சொல்வார் என்பதையும் கூடவே எண்ணிப் பாருங்கள். முதல் கேள்விக்கு இயற்பியல் விடை தரும். இரண்டாவதற்கு நாம்தான் தர வேண்டும்.