கரண்ட் எத்தனை மணித்தியாலம் நின்றது?

ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பது, "கரண்ட் இருக்கோ?" என்று. "ஓம், இப்ப இருக்கு" என்று பதில் வரும். நாமும் ஆறுதலடைந்து வேறு கதைக்குப் போய்விடுவோம். ஆனால் அந்த வீட்டில் இன்சுலின் போடுகிற அம்மாவோ அப்பாவோ இருந்தால் இந்தப் பதில் போதாது. இந்தக் கிழமை எத்தனை தரம் நின்றது, ஒவ்வொரு தரமும் எத்தனை மணித்தியாலம் நின்றது என்பதுதான் நாம் அறிய வேண்டியது.

மின்சாரமே இல்லாத ஆண்டுகளையும் கண்டவர்கள் நாம். தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். இன்று ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனாலும் 2022 பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடு முழுவதுமே இருளில் மூழ்கியது. இப்படிப்பட்டவை செய்தியாகின்றன. ஒரு கிராமத்தில் மரக்கிளை விழுந்து இரவு முழுவதும் கரண்ட் இல்லாமல் போவது எங்கும் பதிவாவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத பழுது

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பாவிக்கத் தொடங்கியதைப் பெரும்பாலும் 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத அறை வெப்பத்தில் ஏறத்தாழ 4 கிழமை வைத்திருக்கலாம். இது வகைக்கு வகை மாறும். பெட்டியில் உள்ள அறிவுறுத்தலே சரியானது. சித்திரை, வைகாசி வெயிலில் வன்னியில் ஒரு தகரக் கூரை வீட்டினுள் வெப்பம் இந்த அளவை இலகுவாகத் தாண்டிவிடும்.

நீண்ட நேரம் சூட்டில் கிடந்த இன்சுலினின் வீரியம் குறையும். பார்வைக்குப் பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரியாது. அம்மா வழக்கம்போல் ஊசி போடுவார், சீனி மட்டும் ஏறிக்கொண்டு போகும். கிளினிக்கில் வைத்தியருக்கு மின்வெட்டுப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆகவே ஊசியின் அளவைக் கூட்டுவார். அடுத்த மாதம் புதிய, நல்ல இன்சுலின் கிடைக்கும். கூட்டிய அளவில் அதைப் போட்டால் சீனி திடீரென்று விழுந்து மயக்கம் வரலாம். தனியே வாழும் முதியவருக்கு இது உயிராபத்து.

அதற்காக வீணாகப் பயப்படவும் வேண்டாம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வொன்று 2021இல் வெளியானது. பல வகை இன்சுலின்கள் 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்கும் வெப்பத்தில் 4 கிழமை இருந்தும் வீரியத்தை இழக்கவில்லை என்று அது காட்டியது. ஆகவே ஒரு பின்னேர மின்வெட்டுக்காக மருந்தை எறிய வேண்டியதில்லை. எத்தனை மணித்தியாலம், எத்தனை பாகை என்று தெரிந்தால்தான் வைத்தியரால் தீர்மானிக்க முடியும்.

புனேயும் அக்ராவும்

இங்கே நோர்வேயில் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் தானாகவே கணக்கு அனுப்பும் மின்மானி பொருத்தப்பட்டுவிட்டது. 12 மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரம் நின்றால் பாவனையாளருக்கு இழப்பீட்டுக்கும் உரித்துண்டு. இந்த வசதி இல்லாத இடங்களில் மக்களே கணக்கு வைக்க ஒரு வழி கண்டார்கள்.

இந்தியாவின் புனே நகரில் உள்ள பிரயாஸ் என்ற அமைப்பு 2007இல் இந்த வேலையைத் தொடங்கியது. ஒரு சிறிய பெட்டியை வீட்டு பிளக்கில் செருகினால், அது நிமிடத்துக்கு ஒருமுறை மின்னழுத்தத்தைக் குறித்து, உள்ளே உள்ள சிம் மூலம் கணினிக்கு அனுப்பும். பின்னர் பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் இது பொருத்தப்பட்டது. கரண்ட் நின்றதை மட்டுமல்ல, அழுத்தம் குறைந்ததையும் அது காட்டியது. 230 வோல்ற் வர வேண்டிய இடத்தில் மிகக் குறைவாக வந்தால் லைட் மங்கலாக எரியும், ஆனால் பிரிட்ஜின் மோட்டர் வேலை செய்யாமல் நிற்கும். வீட்டில் உள்ளவர்களோ கரண்ட் இருக்கிறது என்றே நினைப்பார்கள்.

கானா நாட்டின் அக்ரா நகரில் 2018இல் அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைத்தொலைபேசிச் செயலியையும் பிளக் கருவியையும் பயன்படுத்தினார்கள். தொலைபேசி சார்ஜ் ஏறுவது நின்றால் கரண்ட் போயிருக்கலாம், அல்லது யாரோ வயரைக் கழற்றியிருக்கலாம். ஆனால் அயலில் நாலு வீட்டில் ஒரே நேரத்தில் நின்றால் அது மின்தடைதான். ஒரு வீட்டுக் கணக்கை விட ஒரு ஒழுங்கையின் கணக்கு உறுதியானது.

நாம் செய்யக்கூடியவை

இந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

1. உச்ச, குறைந்த வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று கொண்டுபோய் பிரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில் வையுங்கள். காலையில் பார்த்தால் இரவு நடந்தது தெரியும்.

2. பிரிட்ஜுக்கு மேல் ஒரு கொப்பியும் பேனையும் கட்டி விடுங்கள். திகதி, நின்ற நேரம், வந்த நேரம், வெப்பநிலை. நாலு நிரல் போதும். அயல் வீடுகள் இரண்டு மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இதை விருப்பத்தோடு செய்வார்கள்.

3. ஒரு கப் தண்ணீரை பிரீசரில் உறைய வைத்து மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். வீட்டில் ஆளில்லாத வேளையில் நாணயம் கீழே போயிருந்தால் பனிக்கட்டி உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. அங்கிருந்த மீன், இறைச்சியைச் சாப்பிட வேண்டாம்.

4. கரண்ட் நின்றால் பிரிட்ஜைத் திறக்க வேண்டாம். மூடியே இருந்தால் ஏறத்தாழ 4 மணித்தியாலம் குளிர் நிற்கும்.

5. நீண்ட மின்வெட்டில் இன்சுலினைத் தண்ணீர் புகாத பெட்டியில் இட்டு, ஈர மணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குள் உள்ள சிறிய பானையில் வைக்கலாம். வெயில் காலத்தில் இது நன்றாகக் குளிரும், மாரியில் குறைவு. ஐஸ்கட்டியோடு ஒட்டியோ பிரீசரிலோ வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலினைப் பாவிக்கவே கூடாது.

கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியும் அம்மாவோடு போகட்டும். சீனி ஏறிய நாட்களையும் கரண்ட் நின்ற நாட்களையும் வைத்தியர் ஒன்றாகப் பார்ப்பார். ஊசியின் அளவை வீட்டில் நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதே கொப்பியின் பிரதியைப் பகுதி மின்சார அலுவலகத்துக்கும், தீர்வு கிடைக்காவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும் கொடுக்கலாம். "அடிக்கடி கரண்ட் போகுது" என்ற முறைப்பாட்டை விட திகதியும் நேரமும் உள்ள ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

அடுத்த முறை ஊருக்குக் கதைக்கும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம்: "அம்மா, கொப்பியில இந்தக் கிழமை என்ன எழுதியிருக்கு?"