யாருக்கும் தெரியாமல் ஓர் உயிர்: ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலும் போகரின் நவபாஷாணமும்

பாழடைந்த மாளிகை, நள்ளிரவு, மறைத்துவைத்த குற்றம் ஆகியவற்றைக் கொண்டு அச்சமூட்டும் கதை சொல்வது கோதிக் நாவல். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றிய வகை இது. அதில் பேய்க்குப் பதிலாக மனிதனின் அறிவையே அச்சத்துக்குக் காரணமாக்கிய நாவல், மேரி ஷெல்லி எழுதிய ‘பிராங்கன்ஸ்டைன்’. 1818 ஜனவரி 1 அன்று லண்டனில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தபோது மேரிக்கு வயது 20.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகைமண்டலம் வெயிலை மறைத்ததால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் அடைமழையால் வீட்டுக்குள் முடங்கியிருந்த கவிஞர் பைரன், உடனிருந்தவர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுத வேண்டும் என்றார். மேரியின் கதை அங்கே கருக்கொண்டது. மின்சாரம் பட்டால் செத்த தவளையின் கால் துடிக்கும் என்று இத்தாலிய விஞ்ஞானி கால்வானி ஏற்கெனவே காட்டியிருந்தார். 1803-இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் விஞ்ஞானி அல்டினி மின்சாரம் பாய்ச்சித் தசைகளை அசையவைத்தார். உயிரின் ரகசியம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகப் பலரும் நம்பிய காலம் அது.

நாவலின் நாயகன் விக்டர் பிராங்கன்ஸ்டைன் ஜெனீவாவைச் சேர்ந்தவன். சிறுவயதில் அக்ரிப்பா, பாராசெல்சஸ் போன்ற பழைய ரசவாதிகளின் நூல்களில் மூழ்கியவன். இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்றபின், பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து உயிருள்ள மனிதனை உருவாக்க முனைகிறான். வீட்டின் உச்சியில், மற்ற அறைகளிலிருந்து ஒதுங்கிய ஓர் அறையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஊண் உறக்கம் மறந்து உழைக்கிறான். வீட்டுக்குக் கடிதம் எழுதுவதையும் விட்டுவிடுகிறான். ஆசிரியருக்கும் நண்பனுக்கும் அவன் செய்வது தெரியாது. இது சரியா என்று கேட்க ஒருவரும் இல்லாததால் ஆர்வம் வெறியாக முற்றுகிறது.

ஒரு நவம்பர் இரவில் அந்த உடல் மஞ்சள் பூத்த கண்ணைத் திறக்கிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் விக்டர் ஓடிவிடுகிறான். தான் படைத்ததற்கு அவன் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. கைவிடப்பட்ட அந்த உயிர், ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்திருந்து, சுவரிடுக்கு வழியே அவர்களைப் பார்த்துப் பேசக் கற்கிறது. படிக்கவும் கற்கிறது. பார்வையற்ற முதியவர் அதனிடம் கனிவாகப் பேசுகிறார். உருவத்தைக் கண்ட மகனோ அடித்து விரட்டுகிறான். அன்பு கிடைக்காத அந்தத் தனிமைதான் அதைக் கொலைகாரனாக்குகிறது. விக்டரின் தம்பி, நண்பன், மனைவி என ஒவ்வொருவராக அதன் கையால் சாகிறார்கள்.

இந்தக் கதையை விக்டர் சொல்லக் கேட்பவர் வால்டன். வடதுருவத்தை எட்டியே தீருவது என்று கப்பலேறியவர். பனியில் சிக்கிய மாலுமிகள் திரும்பக் கேட்டதும் கப்பலைத் திருப்புகிறார். அவருக்கும் அதே தாகம்தான். ஆனால் ‘போதும்’ என்று சொல்ல அவரைச் சுற்றி மனிதர்கள் இருந்தார்கள்.

விக்டர் மயங்கிய ரசவாதம் திண்டுக்கல் சீமைக்குப் புதிதல்ல. திண்டுக்கல்லுக்கு மேற்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள பழனியில், ஒன்பது பாஷாணங்களை, அதாவது நச்சுப் பொருள்களைக் கட்டித் தண்டாயுதபாணி திருமேனியைச் செய்தவர் போகர் சித்தர் என்பது மரபு. சித்தர்களும் குகையிலும் மலையிலும் தனித்திருந்தவர்களே. தங்கள் வித்தை தகாதவர் கையில் சிக்கக்கூடாது என்று பரிபாஷை என்னும் மறைமொழியில் எழுதியவர்களே. ஆயினும் அந்த வித்தை குரு சீடர் வழியில் நடந்தது. போகருக்குப் பின் அவருடைய சீடர் புலிப்பாணி வந்தார். நஞ்சை முதலில் சுத்தி செய்ய வேண்டும் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை விதி. போகர் படைத்ததாகச் சொல்லப்படும் திருமேனி கைவிடப்படவும் இல்லை. அதற்கு இரவில் சாத்தும் ராக்காலச் சந்தனத்தைப் பக்தர்கள் இன்றும் நோய் தீர்க்கும் பிரசாதமாக வாங்கிச் செல்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அறிவு தானாக ஆபத்தாவதில்லை என்பது தெளிவாகும். கேள்வி கேட்பார் இல்லாமல் தேடுவதும், தேடிக் கண்டதற்குப் பொறுப்பேற்காமல் விலகுவதும்தான் அதை ஆபத்தாக்குகின்றன. நச்சுப் பொருள் சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளின் உறைமீது ‘மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும்’ என்ற எச்சரிக்கையை இந்திய மருந்து விதிகள் இன்று கட்டாயமாக்கியிருப்பதும் இந்தப் பொறுப்பின் ஓர் அடையாளம்தான். மரபணு ஆய்வுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: அவற்றைச் செய்பவர்கள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.