இரண்டா, மூன்றா?

மூத்தவன் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்ட 2018-ல் நியூ ஜெர்சியில் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் மூன்று எண்கள் இருந்தன. கணிதம் இரண்டாம் நிலை 800, வேதியியல் 760, அமெரிக்க வரலாறு 690. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி பாடத் தேர்வுகள். பாடத்துக்கு ஒரு மணி நேரம், மதிப்பெண் 200-லிருந்து 800 வரை, ஒரே நாளில் மூன்று எழுதலாம்.

“அம்மா, 690-ஐ அனுப்பவா, விட்டுடவா?”

எம்ஐடி குழப்பவில்லை: கணிதத்தில் ஒன்று, அறிவியலில் ஒன்று. ஜார்ஜ்டவுன் மூன்று எதிர்பார்த்தது. எழுதிய எல்லாவற்றையும் காட்டவும் சொன்னது. “பரிந்துரைக்கிறோம்” என்பதோடு நிறுத்திக்கொண்ட கல்லூரிகள்தான் தூக்கத்தைக் கெடுத்தன. வேண்டியதை மட்டும் தேர்ந்து அனுப்பும் வசதி 2009-லேயே வந்துவிட்டது. ஆனால் இலவசமாக அனுப்பக் கிடைத்த நான்கு இடங்களை மதிப்பெண் தெரியும் முன்பே குறிக்க வேண்டும். பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தால் காசு. கையில் காசுள்ள வீட்டுக்கே அந்த வசதி முழுதாகப் பயன்பட்டது.

எல்லா எண்ணுக்கும் ஒரே எடை இல்லை. கணிதம் இரண்டாம் நிலையில் 50 கேள்வியில் சிலவற்றைத் தவறவிட்டாலும் 800 வரும்; எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதை வாங்கினார். அங்கே 760 சாதாரணம், இலக்கியத்தில் அதே 760 பெரிது. இது தெரிந்த வீட்டில் ஒரு கணக்கு, தெரியாத வீட்டில் வேறு கணக்கு.

வரலாற்றை விட்டுவிடு என்றேன். அவன் ஆசையாகப் படித்தது அதைத்தான்.

2021 ஜனவரியில், இவற்றை நடத்திவந்த கல்லூரி வாரியம் பாடத் தேர்வுகளை நிறுத்தியது. அமெரிக்காவில் உடனே, வெளிநாட்டு மையங்களில் அந்த மே, ஜூனோடு. பிள்ளைகளுக்கு ஒரு சுமை குறைந்தது என்று மகிழ்ந்தேன்.

இப்போது இளையவள் முறை. பள்ளியிலேயே கல்லூரி அளவில் படிக்கும் பாடங்களுக்கான ஏபி தேர்வுகள்; மதிப்பெண் 1-லிருந்து 5 வரை. விண்ணப்பத்தில் அவற்றை அவளே தட்டெழுதுகிறாள். எஸ்ஏடியை அனுப்புவதா என்பதே பல கல்லூரிகளில் மாணவர் விருப்பம். எம்ஐடி 2022-ல் எஸ்ஏடி அல்லது அதற்கு மாற்றான ஏசிடியை மறுபடி கட்டாயமாக்கியது. எஸ்ஏடி, ஏசிடி, ஏபி, ஐபி எதுவானாலும் சரி என்று யேல் 2024-ல் அறிவித்தது. ஏபி என்றால் எழுதியது அத்தனையும் வேண்டுமாம். அதே ஆண்டு டார்ட்மத் ஆய்வாளர்கள் சொன்னது என் மனதை அறுத்தது: வசதி குறைந்த பிள்ளைகள் பலர் தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணையே மறைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து “இது நல்ல மார்க்தான்டா, அனுப்பு” என்று சொல்ல யாராவது இருந்திருக்க வேண்டும்.

இளையவள் திரையில் 5, 5, 4, 3. கடைசி எண்ணுக்குமுன் விரல் நிற்கிறது.

“எந்தப் பாடம்மா அது?”

“வரலாறு.”

“பிடிச்சுப் படிச்சியா?”

தலையாட்டினாள். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.