விரிசல் அம்பு கையைக் கிழிக்கும்

கீறல் விழுந்த சோடா பாட்டிலை நாம் விற்பதில்லை. விளையாட்டுச் சாமான் விற்போருக்கு அம்பும் அப்படித்தான்.

இன்று விற்கும் அம்புகள் பலவும் கார்பன் இழைக் குழாய்கள். கல்லிலோ இன்னொரு அம்பிலோ மோதினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். நாணை விட்டதும் பின்னிருந்து வரும் விசை தாங்காமல் அம்பு முறியும். வில் பிடித்த கை அருகிலேயே இருப்பதால் சிம்புகள் கையில் ஏறும். கார்பன் சிம்பு எக்ஸ்ரேயிலும் எளிதில் தெரியாது.

சோதிக்க அரை நிமிடம் போதும். முதலில் அம்பைச் சுற்றிலும் கண்ணால் பாருங்கள். விரலால் தடவ வேண்டாம். பிறகு இரு முனைகளையும் பிடித்து, முகத்துக்குத் தள்ளி வைத்து, லேசாக வளையுங்கள். சற்றே உருட்டி மீண்டும் வளையுங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் கழித்துவிடுங்கள். நாண் மாட்டும் பிளாஸ்டிக் கவ்வியில் வெடிப்பு இருந்தால் கவ்வியை மாற்றுங்கள்.

வாடிக்கையாளர் திருப்பித் தந்த அம்பைச் சோதிக்காமல் பெட்டியில் சேர்க்காதீர்கள். கழித்ததை டேப் சுற்றியே குப்பையில் போடுங்கள்.

ஓர் அம்பின் நஷ்டத்தை அடுத்த வியாபாரத்தில் ஈடுகட்டலாம். வாடிக்கையாளரின் கைக்கு ஈடு ஏது?